முகத்துவாரத்தை யார் வெட்டுவது?

"உன்ட புத்தகத்துல இரிக்கிற அதிகாரத்த வெச்சி ஒரு வக்கடையத் திறந்து காட்டு மகள். மறுகா நான் நம்புறன்."

எனக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த கிழமை எங்கள் வட்டவிதானை சொன்னது இது. மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தை நிறுத்தாமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு வாப்பாவுடன் கதைத்துக்கொண்டிருந்தவர், நான் என்ன படிக்கப் போகிறேன் என்று கேட்டார். அரசறிவியல் என்றேன். அது என்ன என்றார். நாட்டின் அதிகாரம் யார் யாரிடம் இருக்க வேண்டும், அதை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று படிப்பது என்றேன். அப்போதுதான் வக்கடையை இழுத்தார். வாப்பாவும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

வக்கடை என்பது தண்ணீர் போக வரம்பில் வெட்டும் சிறிய வாய். எங்கள் வயல்வெளியில் எந்த வக்கடையை எந்த நாளில் திறப்பது என்று சொல்பவர் வட்டவிதானை. வயல்காரர்கள் கூடித் தெரிவுசெய்த ஆள். அவர் "வேணாம்" என்றால் ஓங்கிய மண்வெட்டி நின்றுவிடும். அதனால் அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாப்பா கைநாட்டுத்தான் வைப்பார். உம்மா குர்ஆன் ஓதுவார். தமிழ் எழுத்துத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதம், மருந்து உறை, மின்சாரப் பட்டியல் எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொல்வேன். பிறகு எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களும் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அதில் எனக்குப் பெருமை. இன்றும் பெருமைதான். அந்தப் பெருமை ஒரு மாரியில் எங்கள் வயலையே தண்ணீருக்குள் தள்ளப் பார்த்தது.

இரண்டாம் வருடத்தில் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, பற்றிப் படித்தோம். விரிவுரையாளர் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியதும் பின்வரிசையில் இரண்டு பேர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நாட்டைப் பிரிக்கக் கேட்கும் சொல் என்று எங்களிடத்தில் அதற்கு அப்படியொரு சரித்திரம். ஆனால் விசயம் அவ்வளவு பயங்கரமாக இருக்கவில்லை. சில காரியங்களை மத்திய அரசு பார்க்கும், சிலவற்றை மாநிலங்கள் பார்க்கும். ஒருவர் பங்கை மற்றவர் நினைத்த நேரத்தில் பறிக்க ஏலாது. எல்லைச் சண்டை வந்தால் தீர்க்க இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு நீதிமன்றம் இருக்கும். எங்கள் அரசியல் யாப்பு ஒற்றையாட்சி. அப்படியிருந்தும் அதற்குள் மூன்று நிரல்கள் இருக்கின்றன: மாகாணத்துக்கு உரியவை, மத்திக்கு ஒதுக்கியவை, இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டியவை. நிரல் இருக்கிறது. மாகாண சபைக்குத் தேர்தல் நடந்துதான் பல வருடமாகிவிட்டது.

அந்தப் பாடத்துக்கு நான் எழுதிய கட்டுரையில் ஒரு வசனம் இருந்தது. "குறைந்தவர்களைக் கேட்காமல் எடுக்கும் முடிவு, எத்தனை பேர் கை உயர்த்தினாலும், கட்டளைதான்." நாட்டில் எண்ணிக்கையில் குறைந்த ஒரு சமூகத்தில் பிறந்தவளுக்கு இதை எழுத நூலகம் தேவையில்லை. விரிவுரையாளர் அந்த வசனத்தின் கீழே கோடு போட்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இரிக்கி. ஆருக்கு எழுதின?"

"பரீட்சைக்கு வாப்பா."

"ஆ" என்றுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாப்பாவின் மூன்று ஏக்கர் எங்கள் வயல்வெளியில் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. சவளக்கடைப் பக்கத்து வயல்களிலிருந்து, அதற்கும் மேலே வேறு மாகாணத்து மலைகளிலிருந்து வரும் தண்ணீரெல்லாம் எங்களைக் கடந்துதான் கடலோர ஏரியான களப்புக்குப் போகும். களப்பிலிருந்து முகத்துவாரம் வழியே கடலுக்குப் போக வேண்டும். கோடையில் கடல் மணலைத் தள்ளி அந்த முகத்துவாரத்தை மூடிவிடும். மாரியில் அதை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் தண்ணீர் திரும்பி வயலுக்குள் ஏறும். வெட்டினால் களப்பில் வளர்ந்து நிற்கும் இறால் அந்தத் தண்ணீரோடு கடலுக்கு ஓடிவிடும். ஆகவே வயல்காரருக்கு ஒரு நாள் முந்த வேண்டும், களப்பில் வலை போடுகிறவர்களுக்கு ஒரு நாள் பிந்த வேண்டும். எங்கள் குடும்பத்திலேயே இந்த இரண்டு பக்கமும் உண்டு. வாப்பா வெள்ளாமைக்காரர். உம்மாவின் காக்கா, என் மாமா, வலைக்காரர்.

முகத்துவாரம் வெட்டுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வயல்காரர்கள் போய்க் கேட்பார்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்று வலைக்காரர்கள் காட்டுவார்கள். எங்களவர்கள் நபியின் மீது ஸலவாத்துச் சொல்ல, அக்கரைத் தமிழ் வலைக்காரர்கள் ஒரு தேங்காய் உடைக்க, முதல் மண்வெட்டியை வலைக்காரர் ஒருவர் போடுவார். எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம். சும்மா ஒரு மரியாதைக்குச் செய்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மூன்றாம் வருட விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. பயிர் குடலையில் நின்றது. கதிர் தண்டுக்குள்ளே இருக்கும் பருவம் அது. அந்த நேரத்தில் பயிரின் தலை மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தால் பிறகு கதிர் வராது, வைக்கோல்தான். வாப்பா வரம்போரம் ஒரு கம்பை நட்டுக் கத்தியால் கீறல் போட்டிருந்தார். விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு போய்ப் பார்ப்பார். பின்னேர அஸருக்குப் பிறகும் போவார். ஆறாம் நாள் காலை வந்து, "இன்னும் நாலு விரல்" என்று மட்டும் சொன்னார். உம்மா தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். அந்தப் போகத்தின் நெல் வந்தால்தான் என் கடைசி வருடத்தை விடுதியில் இருந்து படிக்க முடியும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அன்று காலையே விவசாயிகள் சங்கக் கட்டிடத்தில் கூட்டம் கூடியது. வாப்பா என்னைக் கூட்டிப் போனார். ஒரு பெண் அங்கே போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். சில பேர் தங்கள் கதிரையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள்.

"வழமையா மாதிரி வலைக்காரர்ட்டப் போய்க் கேக்கிறதா?" என்றார் ஒருவர்.

"கேட்டா அவனுகள் இன்னும் ரெண்டு நாள் எண்டுவானுகள்" என்றார் வட்டவிதானை. "நான் மண் வெட்டுற பெக்கோ மெசின் ஒண்டுக்குச் சொல்லிப்போட்டன். நமக்கு மேலிடத்து அனுமதி ஒண்டு எடுத்தாச் சரி. ஆரு எழுதுற?"

எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள். வாப்பா என்னைப் பார்த்தார்.

நான் நன்றாக எழுதினேன். அந்தப் பெருமையோடுதான் எழுதினேன். "எத்தினை பேர் சம்மதம்? கைய உயத்துங்க" என்று நானே கேட்டேன். கட்டிடம் முழுக்கக் கை. "பெரும்பான்மை மக்களின் ஏகமனதான தீர்மானம்" என்று எழுதினேன். முகத்துவாரத்தை வெட்டும் முழுப் பொறுப்பையும் அதிகாரிகள் தங்கள் கையில் எடுத்து, வேறு யாருடைய தலையீடும் இல்லாமல் உடனே செய்து தரவேண்டும் என்று முடித்தேன். வட்டவிதானை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பார்ரா, புத்தகம் வேலை செய்யுது" என்றார். எனக்கு முகம் சூடானது சந்தோசத்தில்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்டார், "உன்ட மாமாட்டக் கேட்டியா?"

"அவங்க கொஞ்சப் பேர்தானே உம்மா."

உம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பவும் புடைத்தார்.

அந்தப் பகல் முழுக்கக் கடிதத்தோடு வாப்பாவும் நானும் அலைந்தோம். முதல் அலுவலகத்தில், தண்ணீர் இரண்டு மாகாணங்களுக்கூடாக வருவதால் தங்களால் எதுவும் சொல்ல முடியாது, மத்திய திணைக்களத்துக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், வாய்க்கால் தங்களுடையது, மணல் கடற்கரைக்குச் சொந்தம், அது வேறு இடம் என்றார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நிரல்களை மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு, ஒவ்வொருவரும் சொன்னது சரி என்று தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. எல்லோரும் சரி, தண்ணீர் ஏறுகிறது.

மறுநாள் காலை எங்கள் பிரதேசத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனோம். மழைக் கோட்டைக் கழற்ற நேரமில்லாமல் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண்மணி. கடிதத்தை முழுக்க வாசித்தார்.

"அவசரம் எண்டா அனுமதி தர எனக்கு வழி இரிக்கு. ஆனா ரெண்டு பக்கமும் சம்மதம் வேணும். இதப் பாருங்க."

மேசையில் இருந்த இன்னொரு கடிதத்தை என் பக்கம் திருப்பினார். களப்பு மீனவர்களின் ஆட்சேபம். எங்களுக்கு முந்தி வந்திருந்தது. "நாங்கள் கொஞ்சப் பேர் என்றபடியால் எங்களைக் கேட்காமல் முடிவெடுத்திருக்கிறார்கள்" என்று தொடங்கியது. கீழே முதலாவதாக ஒரு கைநாட்டு. பக்கத்தில் மாமாவின் பெயர்.

என் கட்டுரையின் வசனத்தை யாரோ எனக்கே திருப்பி எழுதி அனுப்பியது போல இருந்தது. வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதி இரிக்கி?" என்றார். முதல் தடவையாக ஒரு கடிதத்தை அவருக்கு வாசித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒரே தாள்ல ரெண்டு பேரும் வாங்க" என்றார் அதிகாரி. "போட்டோ எடுத்து வட்ஸ்அப்ல அனுப்பினாலும் போதும். நான் உடனே தாறன்."

படியிறங்கும்போது வாப்பாவின் தொலைபேசி அடித்தது. பெக்கோ முகத்துவாரத்துக்குப் போய்விட்டதாம். வலைக்காரர்கள் மறித்து நிற்கிறார்களாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் இயந்திரம் மணலில் அரைவாசி ஏறி நின்றது. அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வலைக்காரர்கள், இரண்டு கரை ஆட்களும். பின்னால் எங்கள் வயல்காரர்கள், சிலர் கையில் மண்வெட்டி. மண்வெட்டியைப் பிடித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. களப்பு மணல் திட்டின் விளிம்புவரை ததும்பி நின்றது.

"ஆ, சட்டக்காரி வந்திட்டா" என்றார் மாமா. "எத்தின கை புள்ள? எண்ணினியா?"

"எண்ணினன் மாமா."

"என்ட கைய எண்ணினியா?"

"நீங்க வரல்லயே."

"கூப்பிட்டியா?"

வட்டவிதானை இடையில் புகுந்தார். "குடும்பக் கதைய வீட்ட போய்க் கதைங்க. தம்பி, மெசினப் போடு!"

"ஆள் நிக்கக்குள்ள போட மாட்டன் காக்கா" என்றார் இயந்திரம் ஓட்டுபவர். "உங்கட வெள்ளாமைக்கு நான் மறியல்ல போய்க் கிடக்க ஏலா."

பின்னாலிருந்து யாரோ, "அப்ப இறங்கு, நான் ஓட்டுறன்" என்று முன்னுக்கு வந்தார். வலைக்காரர் ஒருவர் போய் இயந்திரத்தின் கரண்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். இனி ஒருவர் ஒருவரைத் தொட்டால் போதும் என்ற நிலை. வாப்பா என் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். நான் முன்னுக்குப் போனேன்.

"மாமா, கடிதம் எழுதினது நான். கை உயத்தச் சொன்னதும் நான். உங்களக் கேக்காம எழுதினது பிழை."

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் வாழ்க்கையில் அதுவரை எழுத்தில் நான் பிழை விட்டதாக யாரும் சொன்னதில்லை.

கரண்டிக்குள் இருந்தவர் கேட்டார், "கெம்பஸ்ல பிழையும் படிப்பிக்கிறாங்களா தங்கச்சி?"

"இல்ல அண்ணன். அது நானாப் படிச்சது."

இரண்டு பக்கத்திலும் சில பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் பையிலிருந்த அப்பியாசக் கொப்பியை எடுத்தேன். வாப்பா தன் பொலித்தீன் போர்வையைக் கழற்றி என் தலைக்கும் கொப்பிக்கும் மேலே பிடித்தார்.

"எப்ப வெட்டுறது எண்டு வயல்காரர் சொல்லட்டும். எந்த இடம், எவ்வளவு அகலம் எண்டு நீங்க சொல்லுங்க. அவங்கட விசயத்துல நீங்க தலையிட ஏலா, உங்கட விசயத்துல அவங்க தலையிட ஏலா. மெசின் கொண்டுவாறது எண்டா ரெண்டு பேரும் சேந்து சொல்லணும்."

"எப்ப எண்டு அவனுகள் நினைச்ச நேரமெல்லாம் சொல்லுவானுகளே" என்றார் மாமா.

"களப்புப் பாலத்துத் தூண்ல கீழ இருந்து மூணாவது கல்லு. தண்ணி அதைத் தொட்டாத்தான் கேக்கலாம்."

"ரெண்டாவது" என்றார் வட்டவிதானை உடனே.

"மூணு!" என்றார்கள் வலைக்காரர்கள்.

பத்து நிமிடம் கல்லுக்காகச் சண்டை. அந்தப் பத்து நிமிடத்தில் என் மனதில் ஓடியதெல்லாம் வாப்பாவின் கம்புதான். கடைசியில் மூன்றாவது கல் நின்றது, அது ஏற்கெனவே தண்ணீருக்குள் போயிருந்ததால்.

வட்டவிதானை விடவில்லை. "சரி, அகலம் அவன் சொல்லுறது. ஒரு முழம் வெட்டினாப் போதும் எண்டு சொன்னா? என்ட ஆக்கள் வயல்ல நீந்துறதா?"

"நீங்க கல்லுல பொய் மட்டம் சொன்னா?" என்று மாமா திருப்பினார். பிறகு அவரே, "அப்ப மூணாவது ஒரு ஆள் வேணும்" என்றார்.

அதிகாரியின் பெயரை எழுதினேன். சண்டை வந்தால் அவர் வந்து பார்த்துச் சொல்வதை இரண்டு பக்கமும் ஏற்க வேண்டும். எழுதும்போதுதான் கவனித்தேன். பாடத்தில் படித்த நிரல்களைப் போலத் தாளில் மூன்று பகுதிகள் விழுந்திருந்தன, கீழே ஒரு நீதிமன்றமும்.

கையெழுத்து வைக்குமுன் வலைக்காரர்கள் ஒன்று கேட்டார்கள். களப்புக்குள் அவர்களது கட்டுவலைகள் நின்றன. வெட்டினால் தண்ணீர் இழுக்கும் இழுப்பில் கம்போடு போய்விடும். அவற்றைக் கழற்ற இரண்டு மணித்தியாலம் வேண்டும்.

"ரெண்டு மணித்தியாலமா!" வயல்காரர் பக்கம் கொதித்தது. எல்லோருக்கும் அது தாமதம்தான். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் முதலில் யாருடைய பயிரின் தலைக்கு மேலே ஏறும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். சத்தம் குறைந்து எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள். போர்வையைப் பிடித்திருந்த அவரது கைகள் மேலேயே நின்றன. மழை அவரது தாடியில் வழிந்தது.

"குடுங்க" என்றார். "ஆகத் தாழ்ந்த வயல் என்ட வயல். நான் சொல்லுறன், குடுங்க."

வட்டவிதானை பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மாமா பெருவிரலைப் பேனா மையில் தேய்த்து வைத்தார். படம் எடுத்து அனுப்பினேன். வலைகள் கழற்றி முடியுமுன் அனுமதி வந்தது. மாமா தென்பக்கம் ஓர் இடத்தைக் காலால் கீறிக் காட்டினார். ஸலவாத்து, தேங்காய், முதல் மண்வெட்டி. பிறகு இயந்திரம். தண்ணீர் முதலில் ஒரு சாண் அகலத்தில் வெட்கப்பட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்க மணலையும் பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது.

நாங்கள் ஓடிப்போய் வயலைப் பார்த்தபோது கம்பின் கடைசிக் கீறல் தெரியவில்லை. மறுநாள் மேல் இரண்டு ஏக்கரும் தலை காட்டின. கீழ் ஏக்கர் குழிந்த தாச்சிச் சட்டி போல. தண்ணீர் வடிய நாலு நாள் எடுத்தது. அதில் ஒரு கதிரும் வரவில்லை. இரண்டு மணித்தியாலத்தால் போனதா, நான் எழுதிய கடிதத்தைச் சுமந்து அலைந்த ஒரு பகலால் போனதா என்று வாப்பா ஒரு நாளும் கேட்கவில்லை. நான் என்னிடம் கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குத் தெரியும். கடைசி வருடம் விடுதியில் இல்லை. தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன்.

மாரி முடிந்ததும் அந்தத் தாளைத் துப்புரவாகப் பிரதி எழுதினேன். மாமா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார். வட்டவிதானை வைக்கவில்லை.

"அது அவசரத்துல எழுதின தாள் மகள். இப்ப தண்ணி வடிஞ்சிட்டு."

"அடுத்த மாரி வரும் சாச்சா."

"வந்தாப் பாப்பம். நான் இதுல கையெழுத்து வெச்சா, நாளைக்கு என்ட சொல்லுக்கு என்ன மரியாத இரிக்கி?"

"நீங்க சொல்ல வேண்டிய இடத்துல ஒருத்தரும் உங்கள மறிக்க ஏலா எண்டும் இதுல எழுதி இரிக்கே."

அதை அவர் யோசித்தார் என்று நினைக்கிறேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "சங்கத்துக் கூட்டத்துல வை, அவங்க சொல்லட்டும். ஆனா கூட்டத்துல வைக்கிறதுக்கு நீ ஆரு? பதிவில வயல் இரிக்கிற ஆள்தான் கதைக்கலாம்."

விதி அதுதான். நான் சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் ஓர் ஏக்கரை என் பெயரில் பதியச் சொன்னேன்.

"எந்த ஏக்கர்?"

"கீழ் ஏக்கர்."

"அதுல ஒண்டும் விளையலியே புள்ள" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து சட்டையைப் போட்டார்.

வயல் பதியும் கமநல நிலையத்தில் பதிவேட்டை நிரப்பிய எழுதுநர் தொழில் என்ன என்று கேட்டபோது, மாணவி என்று சொல்ல வாயெடுத்து, விவசாயி என்றேன். இந்தப் போகத்துக்கான கூட்டம் அடுத்த கிழமை. பதிவுச் சீட்டின் பிரதியையும், அந்தத் தாளை ஏற்கச் சொல்லி நிகழ்ச்சி நிரலில் என் பெயரில் சேர்க்க வேண்டிய தீர்மானத்தையும் நேற்றுக் கொண்டுபோய் வட்டவிதானையின் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு அவர் என் கொப்பியில் கையெழுத்து வைத்துத் தந்தார்.